ஹவில்தாரு ஊருக்குப் போயிருக்காரு

"அண்ணே, நாப்பது நிமிஷம். ஆடக் கூடாது, அசையக் கூடாது, சொறியக் கூடாது. மீறிச் சொறிஞ்சீங்க, நெத்தி பூரா வடச்சட்டி கணக்கா கறுத்துப்போகும், அப்புறம் என்னைய வையக் கூடாது"ன்னு சொல்லிட்டு சலூன்காரன் பொன்ராமு செல்லுல டைமரைத் தட்டிவிட்டான் பாருங்க, அந்த நொடியிலருந்து அமலதாஸுக்குத் தலை அரிக்க ஆரம்பிச்சிருச்சு. முப்பத்தெட்டு வருஷமா அரிக்காத தலை. கையி ரெண்டும் வெள்ளைத் துணிக்குள்ள. எதுத்தாப்புல கண்ணாடி, கண்ணாடிக்குள்ள தலையில தாரு ஊத்துன மாதிரி ஒரு ஆளு. மத்தியானம் மூணு மணி, சலூன்ல வேற ஆளு கெடையாது, மேல ஃபேனு டொக்கு டொக்குன்னு சுத்துது. "பேசவும் கூடாதுண்ணே, வாயை அசைச்சா நெத்தி அசையும், நெத்தி அசைஞ்சா தலைக்கு அடிச்ச மை எறங்கும்"னான் பொன்ராமு. அங்கதான் சிக்கலு. அமலதாஸுக்குப் பேசுறதுதான் பொழப்பு. திண்டுக்கல்லுல உப்பு வண்டி வந்தா கேக்குற பொம்பளைக் குரலு அவனுது, கோலமாவு வண்டி வந்தா கேக்குற குரலும் அவனுது, பழைய இரும்பு பித்தளைக்காரன் ஆட்டோவுல கட்டியிருக்குற கொழா ஸ்பீக்கருல ஒரு கெழவரு இருமிக்கிட்டே கூப்புடுவாரே, அவரும் இவன்தான். வீட்டு மச்சுல ஒரு சின்ன ரூமு, ஒரு மைக்கு, சுவத்துல பழைய மெத்தையை ஆணியடிச்சு மாட்டியிருக்கான், அதுதான் ஸ்டூடியோ. நாள் பூரா அங்கருந்து எறங்காம ஊரையே கூவிக்கிட்டிருப்பான். பொண்டாட்டி ஸ்டெல்லா, "சோறு போடுன்னு கேக்குறதையாச்சும் உன் சொந்தக் குரல்ல கேளேன்யா, உப்பு விக்கிறவளுக்கு நான் எதுக்கு சோறு போடணும்"ங்கும். அது சொன்னதுக்கப்புறம் ஒருநாள் மைக்கு முன்னாடி தனியா உக்காந்து சொந்தக் குரல் எது எதுன்னு தேடிப் பாத்தான். ஏழெட்டு குரலு வந்துச்சு. சொந்தம் எதுன்னு தெரியல. சரி, அதுக்கென்ன இப்போ.

இப்போ எதுக்கு இந்த மைங்குறீங்களா. மொய்தீனு வந்திருக்கான். ஷார்ஜாவுலருந்து. சின்னதுலருந்து கூட்டாளி, பேகம்பூர்க்காரன், ஆறு வருஷம் கழிச்சு லீவுல வந்து மூணு நாளாச்சு, அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வாடான்னு கூப்பிட்டிருக்கான். வீடியோ கால்ல அமலதாஸு நரைச்ச தலைக்குத் தொப்பியப் போட்டுக்கிட்டே சமாளிச்சுட்டான், "ஷூட்டிங் கெட்டப்புடா மாப்ள"ன்னு. உப்பு வண்டிக்கு என்னடா கெட்டப்புன்னு அவன் கேக்கல, அது அவன் பெருந்தன்மை. நேர்ல தொப்பியோட போக முடியாதுல்ல. அதான் மை. ஆனா மைக்காக மட்டும் தலை இப்பிடி அரிக்குமா? அரிக்காது. அரிக்கிறது வேற எதுக்கோ. அதைப் பத்தி நெனைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் அமலதாஸு நாற்காலியிலயே ஏறி உக்காந்தான். நெனைக்கல. குதிரையப் பத்தி நெனைச்சான். சின்னதுல ஆடுன கேமோட ரெண்டாவது பார்ட்டுல அந்தக் குதிரை வடக்க மலையிலருந்து தெக்க கடல் வரைக்கும் ஓடுச்சே, ஒரு வாய் தண்ணி குடிச்சுச்சா? ஆறு வருது, கொளம் வருது, அது பாட்டுக்கு ஓடுது. புதுசா வர்ற பார்ட்டுல குதிரை தண்ணி குடிக்கணும். கண்டிப்பா. மொய்தீன்கிட்ட சொல்லணும், எழுதிக்கடா, நம்பரு ரெண்டு, குதிரைக்குத் தண்ணி. நம்பரு ஒண்ணு... நம்பரு ஒண்ணை விடு. அதுதான் அரிப்பு.

வெவரமா சொல்றேன், இல்லாட்டி நீங்களும் தலையச் சொறிவீங்க. இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஜெரால்டு அண்ணன்னு ஒருத்தரு பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தாரு. நாலு கம்ப்யூட்டரு, மூணுதான் ஓடும். நாலாவதுல அவரு சட்டைய மாட்டி வெப்பாரு. அங்க ஒரு கேம் இருந்துச்சு. சிடி மேல சுருட்டிச் சுருட்டி இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கும், எவனுக்கும் வாசிக்க வராது. ஆரம்பிச்சதும் ஒரு பெரிய மணிக்கூண்டுக்குக் கீழ நிப்போம், நம்ம ஊர்லயும் மணிக்கூண்டு இருக்கா, அதனால கேமுக்குப் பேரு மணிக்கூண்டு. மூஞ்சிய நாமளே தேர்ந்தெடுக்கலாம், வாளு வாங்கலாம், காடு மலை சுத்தலாம், சூனியக்காரி, பறக்குற பாம்பு, ராசா, பேசிப் பேசிக் கதை போகும். பேசுறது அம்புட்டும் இங்கிலீஷு. அமலதாஸுக்கும் இங்கிலீஷு தெரியாது, மொய்தீனுக்கும் தெரியாது. தெரியாட்டி என்ன? அமலதாஸு ஸ்பீக்கரைக் கம்மி பண்ணிட்டு அவனே பேச ஆரம்பிச்சான். கத்தி விக்கிற கடைக்காரன் வாயத் தொறந்தா இவன் வெங்காய மண்டி தரகரு குரல்ல, "எடுத்தா எடு, இல்லாட்டி எடத்தக் காலி பண்ணு, போணி ஆகல காலையிலருந்து"ம்பான். ராசா வந்தா ஹெட்மாஸ்டரு, மூக்குலயே பேசுவாரு. சூனியக்காரி வந்தா பெரியாஸ்பத்திரி ஊசி போடுற நர்ஸம்மா, "அந்தப் பக்கம் திரும்பு, இடுப்பைக் காட்டு." பறக்குற பாம்பு நெருப்பைக் கக்கிக்கிட்டு எறங்கும் பாருங்க, அதுக்கு டவுன் பஸ் கண்டக்டரு, "சில்லறை இல்லாம எவன்டா ஏறுனது, எறங்கு எறங்கு எறங்கு!" ஜெரால்டு அண்ணன் கல்லாவுல உக்காந்து சிரிச்சுச் சிரிச்சு டயத்தப் பாக்க மறந்துருவாரு. அப்பிடியே ரெண்டு பார்ட்டு முடிச்சாங்க. மூணாவது வரும் வரும்னாங்க, கம்பெனிக்காரன் கடையச் சாத்திட்டுப் போய்ட்டான். இப்ப என்னடான்னா வேற எவனோ வாங்கி, மறுபடியும் மணிக்கூண்டு வருதாம். வர்றதுக்கு முன்னாடி, "புதுசுல என்னென்ன இருக்கணும், சொல்லுங்கய்யா"ன்னு ஆடுனவங்க எல்லாத்துக்கிட்டயும் கேக்குறானாம். மொய்தீனு நேத்து போன்ல துள்ளுறான், நாப்பதைத் தொடப்போறவன், "தாஸு, நாளைக்கு சாயங்காலம் வா, நீ சொல்லு, நான் இங்கிலீஷு பண்றேன், என் மக டைப் அடிச்சு அனுப்பிரும். உலகம் பூரா வாசிக்கும்டா!" அமலதாஸும் துள்ளுனான். அப்புறம் மொய்தீனு சொன்னான், "நம்பரு ஒண்ணு என்னன்னு உனக்கே தெரியும். ஹவில்தாரு திரும்பி வரணும்." அந்த எடத்துல அமலதாஸு துள்ளுறதை நிப்பாட்டுனவன்தான்.

"அண்ணே, உங்க செல்லு கத்துது"ன்னான் பொன்ராமு. செல்லு கண்ணாடிக்குக் கீழ பவுடரு டப்பா பக்கத்துல கெடக்கு. அமலதாஸு கண்ணை மட்டும் உருட்டி வாசிங்குற மாதிரி காட்டுனான். பொன்ராமு எடுத்துத் தூரத்துல புடிச்சு வாசிச்சான், "மொய்தீனுன்னு ஒருத்தரு. சாம்பிள் விட்டிருக்கான்டா, எறங்கிக்கிட்டிருக்கு, அறுபத்திரெண்டு பர்சன்ட்டுன்னு போட்டிருக்காரு. என்னண்ணே, மருந்தா?" அமலதாஸு உதட்டை அசைக்காம, பல்லுக்கு உள்ளயே, "கேமு"ன்னான். அவனுக்கு உதட்டை அசைக்காமப் பேச வரும், திருவிழாவுல பொம்மை வெச்சு செஞ்சிருக்கான். "கேமா? உங்களுக்கா? மை அடிக்கிற வயசுல?" "தேவைதான் எனக்கு"ன்னு பல்லுக்குள்ள சொன்னான் அமலதாஸு. சாம்பிளு. அறுபத்திரெண்டு. அப்பிடின்னா இன்னும் கொஞ்ச நேரத்துல மொய்தீனு வீட்டுல மணிக்கூண்டு ஓடும். அந்தப் புள்ள நஸ்ரினு, ஒம்போது வயசு, ஷார்ஜாவுல இங்கிலீஷ் மீடியம், புஸ்ஸு புஸ்ஸுன்னு இங்கிலீஷு பேசுது, அது வாசிக்கும். எல்லாத்தையும் வாசிச்சு அர்த்தம் சொல்லும். "அத்தா, இந்தக் கடைக்காரரு வெங்காயத்தப் பத்தி ஒண்ணுமே பேசலையே"ங்கும். அவங்க வீட்டுல அப்பாவ அத்தாம்பாங்க. அத்தா, இந்த ராசா மூக்கால பேசலையே. அத்தா, அந்த தாஸ் மாமா உங்களை நல்லா ஏமாத்தியிருக்காரு. அரிக்குது. எடது காதுக்கு மேல, சரியா அந்த எடத்துல. பேரம். ஆங், பேரத்த நெனைப்போம். புதுசுல கடைக்காரன் பேரம் பேசணும். சொன்ன வெலைக்கு வாளு வாங்குறவன் என்ன வீரன்? நாமளும் நடையக் கட்டுற மாதிரி ரெண்டு எட்டு வெக்கணும், அவன் பின்னாலருந்து "இங்க வா, கேட்ட வெலைய சொல்லு"ன்னு கூப்புடணும். அதுக்கு ஒரு பட்டன் வேணும், கோவிச்சுக்கிட்டுப் போற பட்டன். அப்புறம் மூஞ்சி தேர்ந்தெடுக்குற எடம். எல்லாப் பயலும் வயித்துல ஆறு கட்டு ஏழு கட்டுன்னு நிக்கிறான். தொப்பை ஒண்ணு வேணும். வாளைத் தூக்குனா மூச்சு வாங்கணும். மலை ஏறுனா முட்டி புடிக்கணும். ஹவில்தாருக்கு முட்டி புடிச்சுச்சுல்ல...

வந்துருச்சு பாருங்க. எங்க சுத்துனாலும் அங்கயே வந்து நிக்கிது, செக்குல கட்டுன மாதிரி. சரி, அவரைத்தான் பாத்துருவோம். முதல் பார்ட்டுல மணிக்கூண்டுக்குக் கீழ நமக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற ஒரு கெழட்டுப் பட்டாளத்துக்காரரு. ஒரு காலு சரியில்ல, இழுத்து இழுத்து நடப்பாரு, பெரிய கேடயம், வெள்ளைத் தாடி. அவருக்கும் இங்கிலீஷ்ல என்னமோ நீளமா ஒரு பேரு. இவனுங்க வெச்ச பேரு ஹவில்தாரு. நாம எங்க போனாலும் கூடவே வருவாரு, நம்ம மேல அடி விழுந்தா கேடயத்தக் குறுக்க நீட்டுவாரு. வேற எவன் எப்பிடியோ, ஹவில்தாரு பேசுறப்ப மட்டும் மொய்தீனு ஸ்கிரீனையே பாக்க மாட்டான், இவன் வாயைத்தான் பாப்பான். ஹவில்தாரு பேசுறதுக்கு முன்னாடி தொண்டையச் செருமுவாரு, "ம்க்கும்"னு. பேசி முடிச்சதும், "வெளங்குச்சா?"ம்பாரு. "ம்க்கும். எதுத்தவன் ஓங்குறான்னா நீ குனியணும், வெளங்குச்சா? ம்க்கும். ராத்திரி காட்டுல தீயைப் போட்டுட்டு தூங்கு, வெளங்குச்சா?" அது யாரு குரலு? அமலதாஸு அதை எங்கருந்து எடுத்தான்? கண்ணாடிக்குள்ள இருந்த தார்த்தலை ஆளு இவனையே பாக்குறான், சொல்றா, எங்கருந்து எடுத்தன்னு கேக்குற மாதிரி. எல்லாக் குரலுக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கான்ல. தரகரு இருக்காரு, ஹெட்மாஸ்டரு இருக்காரு. ஹவில்தாரு குரலு மொய்தீனோட அத்தா குரலு. தோல் பதனிடுற ஷாப்புல மேஸ்திரியா இருந்தாரு. தோலு வாடையில தொண்டை கட்டிக்கும், அதான் அந்த ம்க்கும். இவன் போனா, "ம்க்கும், தாஸு, சாப்ட்டுட்டுப் போ, வெளங்குச்சா?"ம்பாரு. மொத நாளு ஹவில்தாரைப் பாத்ததும் அந்தத் தாடி, அந்த நடை, வாயில தானா வந்துருச்சு, சும்மா கேலிக்கு. மொய்தீனு அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சான், "டேய், எங்கத்தா காதுல விழுந்தா தோலை உரிச்சிருவாரு!" அதெல்லாம் சிரிப்புதான். சிரிப்பா இருந்த வரைக்கும்.

"எழுபத்தெட்டுண்ணே"ன்னான் பொன்ராமு. இப்ப அவனே செல்லைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான், கிரிக்கெட் ஸ்கோரு சொல்ற மாதிரி. "டைமரு இருவத்தொண்ணு இருக்கு. எது முன்னாடி முடியும்னு பாப்போம்." அவனுக்கு வெளையாட்டு. எழுபத்தெட்டு. நூறு ஆயிட்டா புள்ள வாசிச்சிரும். இல்ல, சாம்பிள்ல ஹவில்தாரு எங்க வரப்போறாரு. சாம்பிள்னா கொஞ்சூண்டுதான் குடுப்பான், ஜவுளிக்கடையில துணி வெட்டிக் குடுக்குற மாதிரி. வர மாட்டாரு. ஆனா லிஸ்ட்டு போகுமே. நம்பரு ஒண்ணு, ஹவில்தாரு திரும்பி வரணும்னு மொய்தீனு பேருல உலகம் பூரா போகும். அமெரிக்காக்காரன் சிரிப்பான், ஜப்பான்காரன் சிரிப்பான், "யோவ், அந்தாளு ரெண்டாவது பார்ட்டுலயே செத்துட்டாருய்யா"ன்னு கீழ வரிசையா எழுதுவானுங்க. அதை அந்தப் புள்ள சத்தமா வாசிக்கும். மொய்தீனு திரும்பி இவனைப் பாப்பான். அந்தப் பார்வை இருக்கே, அதை நெனைச்சாத்தான் அரிப்பு கூடுது. அடி, திட்டு எல்லாம் தாங்கிக்கலாம். சும்மா பாத்தான்னா?

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. மொய்தீனோட அத்தா மௌத்தாகி, அதான் எறந்துபோயி, நாப்பது நாளு முடிஞ்சு ஃபாத்திஹா ஓதுன அடுத்த நாளு. அந்த நாப்பது நாளும் மொய்தீனு யாருகிட்டயும் பேசல. அமலதாஸு தெனம் போயி வாசல்ல உக்காந்துட்டு வருவான், இவனுக்கும் பேச வராது, அப்பிடி ஒரு அதிசயம் அவன் வாழ்க்கையில அப்ப ஒரு தடவைதான். சனிக்கிழமை மொய்தீனே வந்து, "வா, மணிக்கூண்டு போவோம்"னான். எந்த மணிக்கூண்டுன்னு கேக்காம இவன் சைக்கிளை எடுத்தான். ரெண்டாவது பார்ட்டு கடைசி எடம். ஒரு பாலம். பின்னாடி அரக்கப் படை வருது. ஹவில்தாரு நின்னுட்டாரு. நம்மளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, கேடயத்த நம்ம கையில குடுத்துட்டு, வெறுங்கையோட பாலத்து மேல நிக்கிறாரு. கேட்டு மூடுது. புகை. ஸ்கிரீனு கறுத்துப்போச்சு, அப்புறம் எழுத்து மட்டும் கீழருந்து மேல போச்சு. அமலதாஸுக்கு இங்கிலீஷு தெரியாதுன்னு சொன்னேன்ல, ஒரே ஒரு வார்த்தை தெரியும். பள்ளிக்கூடத்துல லீவ் லெட்டரு எழுதி எழுதி தாத்தாவ ஆறு தடவை கொன்னவன், அந்த நாலெழுத்து எங்க இருந்தாலும் அவன் கண்ணுல தட்டும். டைடு. தட்டுச்சு. மொய்தீனு வழக்கம்போல ஸ்கிரீனைப் பாக்கல. இவன் வாயைப் பாக்குறான். "என்னடா சொல்றாரு?"ன்னான். கண்ணு ரெண்டும் வீங்கிப்போயி, நாப்பது நாளு கழிச்சு மொத மொத கேட்ட கேள்வி. அமலதாஸு என்ன செய்வான், நீங்களே சொல்லுங்க. "ம்க்கும்"ன்னான். "நான் ஊருக்குப் போய்ட்டு வந்துர்றேன். காலு முடியல, எண்ணெய் போட்டுக் கட்டணும். இந்தக் கேடயத்த வெச்சுக்க. அடுத்த பார்ட்டுல நானே வந்து பாலத்துல நிப்பேன். வெளங்குச்சா?" மொய்தீனு தலைய ஆட்டுனான். அப்புறம் கம்ப்யூட்டரு மேசையிலயே கவுந்து படுத்து அழுதான், அப்பிடி அழுதான், ஜெரால்டு அண்ணன் எந்திரிச்சு வந்து கரண்டு போயிருச்சுன்னு சொல்லி மத்தவனுங்கள வெளிய அனுப்பிட்டாரு. அழுதுட்டு எந்திரிச்சு, "புரோட்டா திங்கலாமா?"ன்னான். அன்னிக்குத்தான் மறுபடியும் சோறு தண்ணி பழசு மாதிரி எறங்குச்சு அவனுக்கு. அடுத்த பார்ட்டு வரல. வராத வரைக்கும் பொய்யி பொய்யாவே தெரியல, ஊருக்குப் போன மனுசன் வர லேட்டாகுது, அம்புட்டுத்தான்.

இப்ப வந்து நிக்கிதே அடுத்த பார்ட்டு! கரண்டு போனாலும் விட்ட எடத்துலருந்து ஆரம்பிக்கணும், அது ஒரு நம்பரு. தூறல் போட்டா ஓட்டு மேல சத்தம் கேக்குமே, அந்தச் சத்தம் அப்பிடியே இருக்கணும். மணிக்கூண்டு வாசல்ல ஒரு காவக்காரன் ஆயிரம் தடவை கேட்டாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுவான், அவனை மாத்தக் கூடாது. அமலதாஸு அவனுக்கு ஆயிரம் தடவையும் வேற வேற வசனம் குடுத்திருக்கான், அதனால மொய்தீனுக்கு அவன் ஊரு வம்பெல்லாம் பேசுறவன். எங்க தொட்டாலும் பொய்யி. இப்ப ஒழுங்கா சொல்லிரணும். அஞ்சு மணிக்குப் போனதும், புள்ளைய டீ போடச் சொல்லி, இல்ல புள்ளை டீ போடாது, புள்ளைய வெளிய அனுப்பிட்டு, "மொய்தீனு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிக்கணும். மனசுக்குள்ளயே ஒத்திகை பாத்தான். ஹெட்மாஸ்டரு குரல்ல வந்துச்சு, "மொய்தீன், வாழ்க்கையில உண்மைங்குறது..." சீச்சீ. கோயில்ல பாவசங்கீர்த்தனம் கேக்குற ஃபாதரு குரல்ல சொல்லிப் பாத்தான், "மகனே, அவர் இறைவனடி..." அவன் துலுக்கன்டா, நீ வேற. உப்பு வண்டிக்காரி குரல்ல, "ஹவில்தாரு செத்துட்டாரேய்..." அமலதாஸுக்கே சிரிப்பு வந்து தோளு குலுங்கிருச்சு. "அண்ணே! அசையாதீங்கங்குறேன்ல!"ன்னு பொன்ராமு கத்துனான். சொந்தக் குரல்ல சொல்லணும். அதைத்தான் காணோமே. அப்புறம் இன்னொண்ணும் உறுத்துது. மொய்தீனு பன்னெண்டு வருஷமா ஷார்ஜாவுல இருக்கான். குடோனு ஸ்டோர் கீப்பரு. பாகிஸ்தான்காரன், பிலிப்பைன்ஸ்காரன் எல்லாத்துக்கிட்டயும் "மை ஃப்ரெண்டு மை ஃப்ரெண்டு"ன்னு இங்கிலீஷ்லதான் பேசுறான். ஒரு நாளாச்சும் செல்லுல தட்டிப் பாத்திருக்க மாட்டானா? பாத்திருந்தா ஏன் கேக்கல? பாக்காம இருந்தா ஏன் பாக்கல? பாத்தும் கேக்காம இருக்கானா, கேக்கக் கூடாதுன்னே பாக்காம இருக்கானா? இந்த எடத்துல நெனைப்பு மாட்டிக்கிச்சு, சைக்கிள் செயின்ல வேட்டி மாட்டுன மாதிரி, இழுத்தா கிழியுது, விட்டா சுத்துது.

"நூறு!"ன்னான் பொன்ராமு, ஏதோ அவனே அடிச்ச மாதிரி. "டைமரு எட்டு. நீங்க தோத்துட்டீங்கண்ணே." அதுக்கப்புறம் செல்லு சத்தமே போடல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், நாலு நிமிஷம். ஃபேனு டொக்கு டொக்கு. வெளிய ரோட்டுல ஒரு ஆட்டோ போச்சு, "பழைய இரும்பு... ம்ஹும் ம்ஹும்... பித்தளை, ஈயம், பேரீச்சம்பழம்..." அமலதாஸு குரலே அமலதாஸைக் கடந்து போகுது, இருமிக்கிட்டு. எவனோ ஒரு கெழவரு தெருத்தெருவாத் தேடிக்கிட்டுப் போற மாதிரி கேட்டுச்சு அவனுக்கு. அப்ப அடிச்சுச்சு போனு. பேரு மொய்தீனு. காதுல மை இருக்குறதுனால பொன்ராமு ஸ்பீக்கருல போட்டு மூஞ்சிக்கு நேரா நீட்டுனான்.

"தாஸ் மாமா, நான் நஸ்ரின். மாமா, இந்த கேமு சரியாவே பேச மாட்டேங்குது." "ஏன் பாப்பா?"ன்னான் இவன், பல்லுக்குள்ள. "கடைக்காரரு ‘வெல்கம் டிராவலர், வெல்கம் டிராவலர்’னு அதையே சொல்றாரு. அத்தா சொன்ன மாதிரி திட்டவே இல்ல. ரொம்ப போரு. நீங்க வந்து பேச வைங்க." பொன்ராமு சிரிச்சுட்டான். அமலதாஸுக்கும் உள்ள எதுவோ எளகுச்சு, அவ்வளவுதானா, இதுக்கா பயந்தேன்னு. புள்ள விடல. "மாமா, இன்னொண்ணு. பாலத்துக்கிட்ட ஒரு கல்லு நட்டு வெச்சிருக்காங்க. அதுல ஹவில்தாரு தாத்தாவோட இங்கிலீஷ் பேரு எழுதி, கீழ அவரு இங்கதான் எறந்தாருன்னு எழுதியிருக்கு. நான் அத்தாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். அத்தா சொல்றாங்க, அது சும்மா கல்லு, ஆளு ஊருக்குப் போயிருக்காருன்னு. நீங்கதான் சொன்னீங்களாம். எது மாமா சரி?" நெத்தியில ஒரு சொட்டு எறங்குச்சு. மையா வேர்வையான்னு தெரியல. பொன்ராமு துடைக்க வந்தவன் கையை அப்பிடியே நிப்பாட்டிட்டான். "பாப்பா, போனை அத்தாகிட்ட குடு"ன்னான் அமலதாஸு. "நான் இங்கதான்டா இருக்கேன்"னு மொய்தீனு குரலு. "மொய்தீனு, அன்னிக்கு... நான் சும்மா சொன்னேன்டா. அவரு செத்துட்டாரு. எழுத்து வந்துச்சுல்ல, அதுல போட்டிருந்துச்சு, நான் பாத்தேன், ஒன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்." உதடு அசைஞ்சுச்சு, நெத்தி அசைஞ்சுச்சு, மை எறங்குச்சு, ஒண்ணையும் அவன் கவனிக்கல. எந்தக் குரல்ல பேசுறோம்னும் கவனிக்கல.

"தெரியும்டா"ன்னான் மொய்தீனு. "ஷார்ஜா போன மொத வருசமே, கேம்ப் ரூமுல ஒரு பிலிப்பைன்ஸ் பய வெச்சிருந்தான், உக்காந்து முழுசா ஆடுனேன். பாலம் வந்துச்சு. அந்தாளு என்னமோ இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லிட்டு நின்னாரு, செத்தாரு. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு ஒண்ணுமே ஆகலடா. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கெழவன். செத்தது அந்த வெள்ளைக்காரன், தாஸு. நம்மாளு ஊருக்குத்தான போனாரு?" அமலதாஸு, "அப்ப அந்த நம்பரு ஒண்ணு?"ன்னான். "அது அப்பிடியேதான் போகும். எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும். அதுக்குக் கீழ நம்பரு ரெண்டு, திண்டுக்கல்லுல ஒருத்தன் இருக்கான், ஆளை வந்து கூட்டிட்டுப் போங்க, எல்லாருக்கும் அவனே பேசுவான்னு போட்டிருக்கேன்." "டேய், ரெண்டு குதிரைக்குத் தண்ணிடா!" "அது மூணாவது. இப்ப புள்ள கேக்குதுல்ல, பதில் சொல்லு." மொய்தீனு அப்புறம் சத்தத்தைக் கொறைச்சு, "அவரையே சொல்லச் சொல்லேன்"னான்.

அமலதாஸு கண்ணாடியப் பாத்தான். தார்த்தலை, நெத்தியில கறுப்பா ரெண்டு கோடு, சாயம் படாத பக்கம் தாடி வெள்ளையா. பரவாயில்ல, ஆளு கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்காரு. "ம்க்கும்"ன்னான். அந்தப் பக்கம் புள்ள மூச்ச உள்ள இழுக்குறது கேட்டுச்சு. "பாப்பா. கல்லு நட்டவனுக்கு என் ஊருக்கு வழி தெரியாது, அதான் அவசரப்பட்டு எழுதிட்டான். நான் அப்பவே கெளம்பிட்டேன். வர்ற வழியில ஒருத்தன் புடிச்சு உக்கார வெச்சு, தலையில மையத் தேச்சு, நாப்பது நிமிஷம் அசையாதங்குறான். அதான் லேட்டு. அஞ்சு மணிக்கு பாலத்துல நிப்பேன். ஒங்கத்தாவ சாப்பிடச் சொல்லு. வெளங்குச்சா?"

புள்ளதான் பதில் சொல்லும்னு பாத்தா, சொன்னது மொய்தீனு.

"வெளங்குச்சு, அத்தா."

டைமரு அடிச்சுச்சு. பொன்ராமு அதை அமுக்கி அணைச்சுட்டு, செல்லைப் பவுடரு டப்பா பக்கத்துல பைய வெச்சுட்டு, கொஞ்ச நேரம் சீப்பைத் தேடுற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னான். அப்புறம் வந்து பாத்து, "அண்ணே, நெத்தி பூரா கறுத்துருச்சே, சொன்னேன்ல"ன்னான்.

"கெடக்குது விடு"ன்னான் அமலதாஸு. "தலையக் கழுவு, நேரமாச்சு."